இன்னும் விழாத பாறை

தம்பி,

நேரில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுகிறாய். போனில் சொன்னால், "அம்மா, சிக்னல் விட்டு விட்டு வருது, பொறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். நான் பயத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் இடத்தில்தான் உன் சிக்னல் எப்போதும் விட்டுப்போகிறது. அதனால் எழுதுகிறேன். காகிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும், என்றைக்காவது எடுத்துப் படித்துத்தான் ஆக வேண்டும். உன் அப்பா எதிரே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு நான் எழுதுவதை வேடிக்கை பார்க்கிறார். "ஒரு பஸ் தூரத்துல இருக்கிற புள்ளைக்குக் கடுதாசி எழுதுற மொத ஆளு நீதான்டி" என்கிறார். கேலி செய்துவிட்டு எழுந்து போகலாம், போகவும் மாட்டேன் என்கிறார். அவருக்கும் உள்ளே பயம் உண்டு. அதை என் கணக்கில் சேர்த்து எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறார், அவ்வளவுதான்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ கடைசிப் பக்கத்தைத் தேட வேண்டாம். கார்த்திகைத் தீபத்தன்று மேல்கணக்குக்கு ஆட்களை அழைத்துப் போகப் போகிறாய். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கொஞ்சம் பேர், நம் தோட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொஞ்சம் பேர். முனியாண்டிப் பாறையில் விளக்கேற்றி, நம் ஆட்கள் அங்கே வாழ்ந்த கதையைச் சொல்லப் போகிறாய். மேல்கணக்கு நம் தோட்டத்தின் மேல்பிரிவு. நீ பிறந்த லயத்து வரிசை வீடுகள் இருந்த இடம். மண் சரிந்த பிறகு யாரும் குடியிருக்கக் கூடாது என்று பலகை அடித்த இடம். உனக்குத் தெரிந்ததை எதற்கு எழுதுகிறேன் என்று கேட்பாய். தெரிந்தவன் மாதிரி நீ நடந்துகொள்ளவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ போகக் கூடாது. பிள்ளைகளை அழைத்துப் போகவே கூடாது.

நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊரறிந்த விஷயம். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து ஓய்வு பெறும் வரை நான் பார்த்த வேலை பிள்ளைக்காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார்கள் காலையில் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள், மாலையில் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். இடைப்பட்ட நேரத்தில் நான் பார்த்த வேலை என்ன என்று கேட்டால், பயந்தேன். அதுதான் வேலை. பால் சூடாக இருக்குமோ, எவனாவது சட்டைப் பொத்தானைப் பிய்த்து வாயில் போட்டிருப்பானோ, வாசலில் ஓடும் தண்ணீர்க் கானில் எவளாவது தவழ்ந்து விழுந்திருப்பாளோ. தூங்குகிற பிள்ளை அதிக நேரம் தூங்கினால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். உன் அப்பா அந்தக் காலத்திலேயே சொல்வார், "ஒன்னையக் கட்டுனதுக்குப் பதிலா பெக்டரி சங்கக் கட்டியிருந்தா, அது மணிக்கு ஒரு தடவதான் ஊதும்" என்று. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்போது என்னிடம் காட்டாமல் போகமாட்டார்.

நீ செய்கிற வேலையை நான் மட்டமாக நினைக்கிறேன் என்று நினைத்துவிடாதே. பதுளையில் மேசை போட்ட வேலையை விட்டுவிட்டு, ஆட்களுக்கு ஊர் சுற்றிக்காட்டப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோது எனக்குத் தலை சுற்றியது உண்மை. பிறகு நீ ஒன்று சொன்னாய். "ராசா கட்டினதுக்குப் பலகை இருக்கும்மா. தொரைமார் சமாதிக்குப் பளிங்குக் கல்லு இருக்கு. இந்த மலையெல்லாம் வெட்டித் தேயில வச்ச ஆளுக்கு ஒரு பலகையாச்சும் இருக்கா? ஒண்ணு இருக்கு, ஆபத்துன்னு." அன்றைக்கே மலை ஊற்றுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் அங்கே நின்ற பெண்களிடமெல்லாம் சொன்னேன், என் மகன் நம் கதையை ஊருக்குச் சொல்லப் போகிறான் என்று. பெருமையாகத்தான் சொன்னேன். இப்போதும் பெருமைதான். பெருமையும் பயமும் ஒரே வயிற்றில் இருக்கும், பெற்றவர்களுக்கு அது தெரியும்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் வேன் பிடித்து என்னையும் ஒரு சுற்றுலாக்காரியாக அழைத்துப்போனாயே, அந்த நாளை நான் மறக்கவில்லை. கையில் தண்ணீர்ப் போத்தலும் தலையில் உன் தொப்பியுமாக நான் உட்கார்ந்திருந்ததைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாய். முதலில் பதுளைக்குப் போய் விகாரையையும் கோயிலையும் பார்த்தோம். பிறகு ஹாலிஎலவிலிருந்து இறங்கி போகொடை மரப்பாலம். கீழே ஆறு, மேலே ஓடு போட்ட கூரை, நடுவில் மரத்திலேயே ஒரு பாலம். "இதுல ஒரு இரும்பு ஆணிகூட இல்லம்மா" என்று நீ பெருமையாகச் சொன்னாய். ஆணி இல்லாத பாலத்தில் எதற்கு ஏற வேண்டும் என்று நான் அங்கேயே நின்றுவிட்டேன். அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, "பய வெண்ட எப்பா அம்மே" என்றார். பயப்படாதீங்க அம்மா என்று சொன்னவர், விளக்குமாற்றைச் சாய்த்துவைத்துவிட்டு எனக்கு முன்னால் நடந்து காட்டினார். நடுவில் போனதும் காலால் பலகையை இரண்டு தட்டுத் தட்டினார். தட்டாமல் இருந்திருந்தால் ஏறியிருப்பேன். பிறகு நீ கையைப் பிடித்தாய், கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். திரும்பி வரும்போது கண்ணைத் திறந்துகொண்டு வந்தேன். அதைப் பார்க்காமல் போயிருந்தால் எனக்குத்தான் நட்டம் என்று உன்னிடம் சொன்னேனா இல்லையா, ஞாபகமில்லை. இப்போது சொல்கிறேன்.

அடுத்து தோவையில், பாறையில் செதுக்கிய பெரிய புத்தர். முழுதாக முடிக்காமல் விட்டிருந்தார்கள். அதற்கு ஏதோ ராசா கதை சொன்னாய். அந்த உயரத்தைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று தோன்றியது. சாரம் கட்டி ஏறி உளி பிடித்திருந்தவனை எவளோ ஒருத்தி கீழே நின்று, போதும் இறங்குடா என்று கூப்பிட்டிருப்பாள் என்றேன். நீ வயிறு வலிக்கச் சிரித்தாய். வேன் சாரதியிடமும் அதைச் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தாய். பண்டாரவளையில் சோறு சாப்பிட்டோம். ஹல்துமுல்லைக்கு மேலே, பறங்கியர் கோட்டை என்று புல்லுக்குள் கிடந்த கல்சுவரைக் காட்டினாய். இத்தனை வருடமாகப் பஸ்ஸில் அந்த வழியாகப் போய் வந்திருக்கிறேன், அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் நீ சொன்ன விதம், அந்தக் கல்லுக்குப் பேச்சு வந்த மாதிரி இருந்தது. கடைசியாக நம் இடத்துக்கு வந்தோம். வேனைச் சாலைத் திருப்பத்தில் நிறுத்திவிட்டு, அந்தப் பலகையைத் தாண்டி மேல்கணக்குக்கு ஏறினோம்.

மானாப் புல் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. லயத்தில் மிஞ்சிய சுவர் ஒன்று நின்றது, அதில் யாரோ மஞ்சள் பூசிய கதவு நிலை இன்னும் இருந்தது. முனியாண்டிப் பாறைக்குக் கீழே நின்றதும் நீ குரலை மாற்றிக்கொண்டாய், வருகிறவர்களுக்குச் சொல்லப் போவதை என்னிடம் ஒத்திகை பார்த்தாய். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாளில் ஆம்பிளைகள் எல்லாரும் கத்தியைப் பாறையடியில் வைத்து, தேங்காய் உடைத்து, சாமி தொட்ட கத்தி கையை வெட்டாது என்று எடுத்துக்கொண்டு போவார்கள் என்று சொன்னாய். அதெல்லாம் சரிதான். உன் அப்பாவின் கத்தியும் அங்கே வைத்த கத்திதான். பிறகு மண் சரிந்த கதைக்கு வந்தாய். "மலையே எறங்கி வந்துச்சு. பிள்ளக்காம்பராவுல அத்தன பிள்ளைங்க. ஆனா மண்ணு இந்தப் பாறையில வந்து மோதி ரெண்டாப் பிரிஞ்சு, பிள்ளைங்க நடந்த பாதைய மட்டும் தொடாமப் போச்சு. அதனாலதான் இது சாமி காத்த பாறை. அதுல ஒரு பிள்ள நான்." நீ சொல்லி முடித்ததும் எனக்கே புல்லரித்தது. அவ்வளவு நன்றாகச் சொன்னாய். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. வேறு ஒருவன் சொல்லியிருந்தால் சும்மா இருந்திருப்பேன்.

நடந்தது அப்படி இல்லை. உனக்கு அப்போது நாலு வயது, உனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னது. நான் அங்கே இருந்தவள், சொல்கிறேன். நாலைந்து நாளாக மழை விடவில்லை. பிள்ளைக்காம்பராக் கதவு சாத்த முடியாமல் போனது. மழைக்கு மரம் ஊதும், அது எனக்குத் தெரியும். ஆனால் மேல் மூலை இறுகி, கீழே ஒரு கை போகிற அளவு இடைவெளி விழுந்திருந்தது. நீங்கள் எல்லாரும் படுத்துக்கொண்டு அதற்குள் கையை விட்டு, வெளியே விழுகிற மழைத் தண்ணீரைப் பிடித்து விளையாடினீர்கள். நீயும்தான். நான் பால் கரைக்கத் தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போனேன். தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. பானை பாதி நிறைவதற்குள் நூலாக மெலிந்தது, பிறகு நின்றுவிட்டது. வானம் கொட்டுகிறது, பீலி காய்ந்து நிற்கிறது. சாமி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, தம்பி. கனவும் வரவில்லை. பயம் வந்தது, அவ்வளவுதான்.

அதற்கு முன்னாலும் எனக்கு அந்தப் பயம் வந்திருக்கிறது. பெரிய மழை பெய்தபோதெல்லாம் பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு கீழே கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் நடக்காது, மழை விடும், நனைந்த பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும், தாய்மார்கள் என்னை வைவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் கிளம்பினேன். எனக்கு உதவிக்கு இருந்த சின்ன ஆயா முதுகில் ஒரு கைப்பிள்ளை, என் முதுகில் ஒன்று, இடுப்பில் ஒன்று. நடக்கிற பிள்ளைகள் என் முந்தானையையும் ஒருவர் சட்டையை ஒருவருமாகப் பிடித்துக்கொண்டார்கள். முன்னால் பிடித்தவள் செல்வி, அவள்தான் உங்களில் பெரியவள். நீ உன் பனியனைப் போடமாட்டேன் என்று அழுதுகொண்டே வந்தாய். வழியில் கங்காணி எதிரே வந்தார். "என்னா ஆயா, இன்னைக்கும் ஊர்வலமா? தொரைக்கு யாரு பதில் சொல்றது?" என்று சத்தம் போட்டார். நான் நிற்கவில்லை. அவர் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார், அதனால் அவரும் பிழைத்தார்.

மடுவத்தில் வந்து உட்கார்ந்து, பிள்ளைகளின் தலையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மேலே லாரி கல் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. முதல் சத்தத்திலேயே லயத்தில் இருந்தவர்கள் பக்கத்துக் காட்டுப் பாதையில் ஓடிவிட்டார்கள். மற்றவர்கள் தூரத்து மலையில் கொழுந்தில் இருந்தார்கள். பாதி லயமும், ஆடு கோழியும், பிள்ளைக்காம்பராவும் போயின. தாய்மார்கள் ஓடி வந்து பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மறுநாள் மேலே ஏறிப் பார்த்தவர்கள், பாறை மட்டும் அப்படியே நிற்கிறது என்று வந்து சொன்னார்கள். அன்றிலிருந்து தொடங்கியது இந்தக் கதை. மண் பாறையில் மோதியது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் பாதையில் ஒரு பிள்ளையும் இல்லை. நீங்கள் எல்லாரும் மடுவத்தில் என் சேலையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

பாறை விழாமல் நிற்கிறது என்று நீங்கள் எல்லாரும் சொல்கிறீர்கள். இன்னும் விழவில்லை என்று நான் சொல்கிறேன். எனக்கும் ஊருக்கும் இருக்கிற வித்தியாசம் இவ்வளவுதான். அதிகாரிகள் வந்து பலகை அடித்து, நமக்குக் கீழே வீடு கொடுத்தபோது பூசாரி மாமா பலகையை ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "குடியிருக்கத்தானே கூடாதுன்னு எழுதியிருக்கு. கும்புடக் கூடாதுன்னு எங்கயாச்சும் இருக்கா?" எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்த வருடமே கார்த்திகைக்கு ஏறினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருடமும் ஏறினார்கள். ஒன்றும் நடக்காத ஒவ்வொரு வருடமும் சாமியின் கணக்கில் சேர்ந்துகொண்டே வந்தது. மலைக்கு நம் பலகையும் தெரியாது, நாம் குடியிருக்க வந்தோமா கும்பிட வந்தோமா என்பதும் தெரியாது. இப்போது நீ படித்த பிள்ளை, அதே வார்த்தையைத்தான் வேறு மாதிரிச் சொல்கிறாய். "நாங்க தங்கப் போறதில்லையேம்மா, பாத்துட்டு வந்துருவோம்." நம் ஆட்கள் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள். ஆபத்து என்றால் எல்லாருக்கும் ஆபத்து, சொந்தக்காரனுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது என்று நினைப்பது நாம்தான்.

அன்றைக்கு நீ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பாறையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். படிக்கட்டு மாதிரி வைத்த கல்லுக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு வெடிப்பு ஓடியது. என் செருப்பின் முன்பக்கம் அதற்குள் போனது. சவுக்கு மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. கேட்டதற்கு, "வெயில்ல வெடிச்சிருக்கும்மா, எங்க போனாலும் ஒனக்கு ஒரு ஓட்ட தெரியும்" என்றாய். சரி, வெயிலில் வெடித்ததாகவே இருக்கட்டும். இப்போது வெயில் இல்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, விடுகிற மாதிரித் தெரியவில்லை. முந்தாநாள் கீழ்ப் பீலியில் துணி அலசப் போனேன். அந்தத் தண்ணீர் பாறைக்கு அடியில் ஊறி வருகிற தண்ணீர்தான். கலங்கல். பக்கத்தில் நின்ற பெண் மழை நேரத்தில் அப்படித்தான் என்றாள். அவள் வெலிமடையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், அவளுக்கு என்ன தெரியும். நான் அந்தத் தண்ணீரில் துணியை நனைக்காமல் அப்படியே வாரிக்கொண்டு வந்துவிட்டேன். கிராம சேவகரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார், மேலே அறிவிக்கிறேன், அதுவரை யாரும் ஏற வேண்டாம் என்றார். அதை உனக்குப் போனில் சொன்னபோது, "அது வருசா வருசம் சொல்றதுதாம்மா" என்றாய். அதற்குப் பிறகுதான் உன் சிக்னல் போனது.

நீ மரபு மரபு என்கிறாய். நம் ஆட்கள் விட்டுப்போனதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்கிறாய். நல்ல காரியம். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் யோசி. நம் ஆட்கள் விட்டுப்போனது பாறையும் பூசையும் மட்டுமா? இந்த மலைகளில் மழையிலும் அட்டையிலும் காய்ச்சலிலும் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பெண்களுக்குத் துணையாக இருந்தது எது? சத்தம் வந்தால் காது கொடுப்பது, தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பது, கதவு ஏன் சாத்தவில்லை என்று கேட்பது, மற்றவர் சிரித்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவது. என்னிடம் நகை இல்லை, காணி இல்லை. உனக்குக் கொடுக்க எனக்கு இருக்கிற ஒரே சொத்து இந்தப் பயம். என் அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. அவள் எதற்குப் பயந்தாள் என்று நான் சிறுவயதில் சிரித்திருக்கிறேன். இதைப் பிள்ளைகளுக்குச் சொல், தம்பி. சாமி காத்தது என்று சொல்லிக் கொடுத்தால், அடுத்த தடவை பீலி நின்றால் அவர்கள் பாறையடிக்கு ஓடுவார்கள். ஒரு பயந்தாங்கொள்ளி ஆயா கூட்டிக்கொண்டு ஓடினாள் என்று சொன்னால், அவர்கள் கீழே ஓடுவார்கள். கதை எது நன்றாக இருக்கிறது என்று பார்க்காதே. எந்தப் பக்கம் ஓட வைக்கிறது என்று பார்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். உன்னைக் கேட்காமல், உன் முதுகுக்குப் பின்னால் செய்தேன். நேற்றும் இன்று காலையும் குடை பிடித்துக்கொண்டு, நீ அழைத்துப் போவதாக இருந்த பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் போனேன். பிள்ளையை அனுப்பாதே என்று ஒவ்வொரு தாயிடமும் சொன்னேன். சிலர் தயங்கினார்கள். உன்மேல் அவர்களுக்கு மரியாதை உண்டு, தம்பி நல்லது செய்கிறது, நீங்களே தடுக்கிறீங்களே என்றார்கள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்த்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. பெற்ற பிள்ளையின் பெயரை வீடு வீடாகப் போய்க் கெடுக்கிற மாதிரி இருந்தது. செல்வி வீட்டுக்குப் போனேன். அவள் மகள்தான் தீபப் பாட்டுப் பாடப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவள், புதுச் சட்டைகூடத் தைத்து வைத்திருக்கிறது அந்தப் பிள்ளை. நான் வாயைத் திறந்ததுமே செல்வி, "ஆயா, நீங்க நடன்னா நடப்பேன், நில்லுன்னா நிப்பேன். அன்னைக்கும் அப்புடித்தானே" என்றாள். அந்தச் சின்னப் பெண் அழுதது. நான் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே படியிறங்கி வந்தேன்.

பூசாரி மாமாவிடமும் போனேன். அவர் கோபித்துக்கொண்டார். "இத்தன வருசம் கழிச்சு ஒனக்குச் சாமி மேல நம்பிக்க விட்டுப்போச்சா?" என்று கேட்டார். "சாமிய நம்புறேன் மாமா. மண்ணத்தான் நம்பல" என்றேன். எழுந்து போய் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பிறகு, சாலைத் திருப்பத்திலிருந்து பார்த்தால் பாறை முழுசாகத் தெரியும், அங்கிருந்து தீபம் காட்டினால் சாமி ஏற்காது என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை என்றார். அந்த மனிதருக்கு எப்போதும் எழுதாத இடத்தில்தான் வழி கிடைக்கும். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. ஆக, தீபம் திருப்பத்தில் ஏறும். தாய்மார்கள் பிள்ளைகளை அங்கே கூட்டி வருவார்கள். நீ அங்கே நின்று கதையைச் சொல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சொல், பறங்கிக் கோட்டையிலிருந்து தொடங்கு. கொழும்பிலிருந்து வருகிறவர்களின் நம்பர் என்னிடம் இல்லை, இருந்திருந்தால் அவர்களுக்கும் பேசியிருப்பேன். அவர்களுக்கு நீதான் சொல்ல வேண்டும்.

உன்னை எனக்குத் தெரியும். இதைப் படித்துவிட்டு, வேறு யாரும் வராவிட்டாலும் நான் மட்டும் போய் விளக்கை வைத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவாய். அதற்கும் சொல்லிவிடுகிறேன். நீ பலகையைத் தாண்டினால் நானும் தாண்டுவேன். என் முழங்கால் இருக்கிற நிலைக்குப் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவேன், நீ திரும்பி வந்து என்னைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும். இது மிரட்டல்தான். வேறு எதுவும் என் கையில் இல்லை. மழை விட்டு, தை பிறந்து, அதிகாரிகள் வந்து பார்த்து, ஏறலாம் என்று எழுதிக் கொடுத்தால் உன் கையைப் பிடித்துக்கொண்டு நானே வருகிறேன். ஒரு வேளை இந்தக் கார்த்திகையும் ஒன்றும் நடக்காமல் போகலாம். மழை விடும், பீலி தெளியும், பாறை அங்கேயே நிற்கும். ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும், கிறுக்குப் பிடித்த ஆயா என்று நீயும் சொல்வாய். அப்படி நடக்க வேண்டும் என்றுதான் தினமும் அந்த முனியாண்டியையே கும்பிட்டுக் கேட்கிறேன்.

உன் வேலையை நான் கெடுத்துவிட்டேன் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். தீபாவளிக்கு வராமல் இரு. போனை எடுக்காதே. என்னோடு எத்தனை மாதம் வேண்டுமானாலும் பேசாமல் இரு. பேசாமல் இருப்பதற்காவது நீ இருக்க வேண்டும், தம்பி.

அம்மா